அம்மாவின் தோடு

2021ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் அம்மாவின் தோடுகள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வீடு திரும்பின. அம்மா திரும்பவில்லை. உறையின்மீது நீல மையில் அவள் பெயரும் வயதும் படுக்கை எண்ணும் எழுதியிருந்தன. வாங்கிவந்த தம்பி அதை உள்ளே கொண்டுவர அஞ்சித் திண்ணை மாடத்தில் வைத்தான். ஓரிக்கைத் தெருக்கள் பிளீச்சிங் பவுடரால் வெளுத்துக் கிடந்த நாட்கள் அவை.

"அந்தப் பவுடரையே தண்ணியில கரைச்சு ராத்திரி முழுக்க ஊறப் போட்டுடு பாப்பா, எந்தக் கிருமியும் நிக்காது" என்று சித்தி தொலைபேசியில் சொன்னாள். நான் அவ்வாறு செய்யாததற்குக் காரணம் அறிவு அன்று. உறையைத் திறக்கும் துணிவு இல்லாமைதான். ஐந்து மாதம் அது பீரோவில் கிடந்தது.

அம்மாவுக்குத் திருமணம் 1965இல். மொரார்ஜி தேசாய் 1963இல் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி புதிய நகை எதையும் பதினான்கு காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது. 1966இல்தான் அத்தடை விலகியது. பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்த காலம். மறைவாக இருபத்திரண்டு காரட்டில் செய்து கொடுத்தவர்களும் உண்டு. தாத்தாவுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. "என் கல்யாணத்துக்குப் பாதிச் செம்பைப் போட்டு அனுப்பினாங்க" என்று அம்மா கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டாள். கணக்கும் ஏறத்தாழச் சரிதான்: பதினான்கு காரட்டில் பொன் 58 விழுக்காட்டுச் சொச்சம், மற்றது செம்பும் வெள்ளியும்.

அந்தத் தோடுகள் எங்கள் பள்ளிக்கூட ஆண்டுகளில் அடகுக் கடைக்குப் போய்ப்போய் வந்தவை. காஞ்சியை விட்டுக் கிளம்பிய திருமழிசையாழ்வாரின் பின்னே, பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு நடந்த பெருமாள் ஓரிரவு தங்கியதால் எங்கள் ஊர் 'ஓரிரவிருக்கை'யாகிப் பின் ஓரிக்கையாயிற்று என்பார்கள். "பெருமாளே இங்க ஒரு ராத்திரிதான் தங்கினார், தோடு தங்கலைன்னு அழுவேனா" என்று சிரித்தபடி கழற்றுவாள். பெயர்க்காரணத்தை ஊரில் வேறு எவரும் இவ்வளவு பயனுள்ள வகையில் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

அக்டோபரில் காஞ்சிபுரத்துப் பத்தர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். உறைக்குள் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வெறுங்கையால் பிரித்துத் தோட்டை உள்ளங்கையில் கவிழ்த்தார். அந்த ஒரு செய்கைக்காகவே அவருக்கு நான் கடன்பட்டவள்.

"பவுடர்ல போட்டிருந்தீங்கன்னா போச்சும்மா. குளோரின் செம்பைத்தான் தேடிப் பிடிக்கும். தண்டு வெடிச்சுப்போகும். இது கெம்பு, பின்னாடி மூடின கட்டடம். உள்ள அரக்கு இருக்கு, கல்லுக்கு அடியில தகடு இருக்கு. கொதிதண்ணி ஊத்தினா அரக்கு இளகிக் கல்லு உதிரும். ஊறப் போட்டா தகடு கறுத்துக் கல்லு செத்துப்போகும்."

"அப்படியானால் ஸ்பிரிட்?"

"தச்சர் அரக்கை எதுலம்மா கரைச்சு மரத்துக்குப் பூசறாரு?"

அந்த நகை வெந்நீரையும் தாங்காது, பிளீச்சையும் தாங்காது, ஸ்பிரிட்டையும் தாங்காது. அதன்மேல் இருந்திருக்கக்கூடிய நோய்க்கிருமியோ சில நாட்களுக்குள் தானே செயலிழந்திருக்கும். பரப்புகளைத் தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே அறிவித்திருந்தது. நான் அஞ்சி ஒளித்துவைத்த ஐந்து மாதமே சுத்திகரிப்பு வேலையைச் செய்து முடித்திருந்தது.

எஞ்சியது அழுக்கு. பூந்திக்கொட்டையை நசுக்கி, வெதுவெதுப்பான நீரில் நுரைக்கவைத்துப் புதிய மென்தூரிகையில் தொட்டு, கல் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தேய்க்க வேண்டும் என்றார். பற்பசை கூடாது, கீறும். கழுவுதொட்டியில் கூடாது, கிண்ணத்தின்மேல்தான்; உதிர்ந்த கல்லைச் சாக்கடையில் தேட முடியாது. ஈரத்துணியால் துடைத்து, விசிறிக் காற்றில் கவிழ்த்து உலர்த்த வேண்டும். காதுத் துளைக்குள் போகும் தண்டை மட்டும் எழுபது விழுக்காட்டு ஆல்கஹால் தோய்த்த பஞ்சால், கல்லில் படாமல் துடைக்கலாம். தூய ஆல்கஹாலைவிட நீர் கலந்ததே கிருமியை நன்றாகக் கொல்லும். உங்கள் வீட்டில் முத்தோ பவளமோ இருந்தால் அதுவும் வேண்டாம், ஈரத்துணி போதும்.

முதல் தோட்டிலிருந்து இறங்கிய நீர் பழுப்பாக இருந்தது. தேங்காயெண்ணெய், மஞ்சள், திருநீறு. கிண்ணத்தைக் குனிந்து முகர்ந்தேன், அம்மாவின் காதோரம். நுரையோடு அவளைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணத்தில் கை நின்றுவிட்டது. ஆனால் அணியப்போகிறவள் என் மகள். மலிவான கம்மல் ஒன்றால் காது சீழ்பிடித்து ஒரு மாதம் துன்பப்பட்டவள். இரண்டாவது தோட்டையும் கழுவினேன்.

அதன் திருகாணியை மட்டும் கழுவவில்லை. மரையின் இடுக்கில் அடைந்திருந்ததோடு அப்படியே பழைய உறையில் போட்டு வைத்தேன். புதிதாக ஒன்று செய்யச் சொல்லிப் பத்தரிடம் போனபோது, பழசுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். மரை தேய்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.