வியாழக்கிழமைப் பிரதி

தவறு செய்வதைவிட, செய்த தவற்றை மறைப்பதே பெருங்கேடு என்று பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதனை நானே கற்றுக்கொள்ள நேர்ந்தது 2001ஆம் ஆண்டில், நோன்புப் பெருநாளுக்குச் சில வாரங்களுக்கு முன்.

அப்போது எங்கள் இல்லத்தில் விண்டோஸ் 98 இயங்கும் கணினி ஒன்று இருந்தது. ஜவுளிக் கடையின் பற்று வரவுக் கணக்கு முழுவதும் அதில்தான். பிளஸ் டூவில் கணினி அறிவியல் பயின்ற என் மகளும் அதனைப் பயன்படுத்துவாள்.

கணினி மெதுவாக இயங்குகிறதே என்று ஒரு வியாழக்கிழமை இரவு ‘ரெஜிஸ்ட்ரி’யைத் திறந்தேன். அது விண்டோஸின் உட்பதிவேடு. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எந்த அச்சுப்பொறி இணைக்கப்பட்டுள்ளது என்பன போன்ற குறிப்புகள் அதில் அடங்கும். பழைய குப்பை என்று நான் கருதிய பதிவுகள் சிலவற்றை அழித்தேன். அங்கே அழித்ததைத் திரும்பப் பெறும் கட்டளை கிடையாது என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

மறுநாள் கணினி வழக்கம்போல் தொடங்கியது. ஆனால் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. “கண்ட விளையாட்டுகளையும் ஏற்றினால் இப்படித்தான் ஆகும்” என்று மகளைக் கடிந்துகொண்டேன்.

“நான் ஒன்றும் செய்யவில்லை, வாப்பா” என்றாள். அவள் கண் கலங்கியதைக் கண்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. தினமும் காலையில் கணினியைத் தொடங்கிப் பார்ப்பேன், பயனிராது.

திங்கட்கிழமை மாலை அவளே அதன்முன் அமர்ந்தாள். கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக் கணினியைத் தொடங்கினாள். தோன்றிய பட்டியலில் ‘கமாண்ட் பிராம்ப்ட் ஒன்லி’ என்பதைத் தேர்ந்து, ‘ஸ்கேன்ரெக் /ரெஸ்டோர்’ என்று தட்டினாள். விண்டோஸ் 98 ஒவ்வொரு நாளும் முதன்முறை நல்லபடியாகத் தொடங்கியதும் தன் பதிவேட்டைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளும். வழக்கமாக ஐந்து பிரதிகள்தாம். ஆறாவது வந்தால் மிகப் பழையது நீங்கிவிடும். வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து தேதிகள் திரையில் நின்றன.

“எந்த நாள்வரை சரியாக இருந்தது, வாப்பா?”

“வியாழன் இரவுவரை. அன்றிரவு நான்தான் சிலவற்றை அழித்தேன்.”

சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, “வியாழன் காலைப் பிரதி இருக்கிறது. நாளைக் காலையில் கணினியைத் தொடங்கியிருந்தால் அதுவும் போயிருக்கும்” என்றாள்.

அப்பிரதியை மீட்டதும் கணக்கு மென்பொருள் திறந்தது. கணக்குக் கோப்புகள் அழியவேயில்லை. அவற்றைத் திறக்கும் வழிதான் கெட்டிருந்தது என்று விளக்கினாள். அவள் உம்மாவின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். “வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் நல்ல பிரதிகள் நான்கு இருந்திருக்குமே, வாப்பா” என்று மட்டும் சொன்னாள்.

அன்றுமுதல் சில விதிகளை வைத்துக்கொண்டோம். எதையும் மாற்றுமுன் பதிவேட்டின் நகலை எடுக்க வேண்டும். ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியவர் பெயரையும் தேதியையும் நோட்டில் எழுத வேண்டும். வன்தட்டு கெட்டால் அதிலுள்ள பிரதிகளும் போய்விடுமாதலால், கணக்குகளை ஃபிளாப்பியிலும் சேமிக்க வேண்டும்.

விண்டோஸ் 98க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. எங்கள் கணினியும் கழிந்துபோயிற்று. ஆனால் மகளின் கலங்கிய கண்களை நான் மறக்கவில்லை. பிள்ளைகளிடம் உண்மையை எதிர்பார்க்கும் நாம், “தவறு என்னுடையது” என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. திருத்திக்கொள்ள வழி மிகுதியாக இருப்பது அன்றுதான்.