சுவர்ப் பக்கம்

என் வீட்டு ஹாலில் இருக்கும் ஜெர்மன் நீர்மூழ்கிக்கு ஒரு பக்கம்தான் உண்டு. வலப்பக்கம். இடப்பக்கம் சுவரைப் பார்த்தபடி இருப்பதால் நான் அங்கே செய்துவைத்திருக்கும் லட்சணம் விருந்தாளிகள் யாருக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரியும். தூசு தட்டுவது அவள்தான். "இந்தப் பக்கம் ஓட்டையே காணோமே?" என்று கேட்டாள். அந்தக் காலத்து டிசைன் அப்படி என்றேன். அவள் நம்பவில்லை, மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

கப்பல் யு-96. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நூற்றுக்கணக்கில் கட்டித் தள்ளிய 7சி வகையைச் சேர்ந்தது. அசல் 67 மீட்டர் நீளம். எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய என் கிட் 93 சென்டிமீட்டர். அலமாரியில் அடங்காது, மேஜையில் வைத்தால் சாப்பிட இடமிருக்காது. ஷோகேஸ் மேல் நீளவாக்கில் சுவரை ஒட்டி வைக்கத்தான் தோதுப்படும் என்பது பெட்டியைத் திறந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தி கெட ஆரம்பித்ததும் அங்கேதான்.

விமான மாடல் செய்கிறவனுக்குத் தப்பிக்க வழி நிறைய இருக்கிறது. இறக்கை, சக்கரம், விமானி அறை என்று பார்க்கிறவரின் கண் ஓடிக்கொண்டே இருக்கும். நீர்மூழ்கியில் அந்தச் சலுகை கிடையாது. உடம்பு இரண்டு பாதியாக வரும், ஒட்டினால் நீளமாக ஒரு மூட்டுக் கோடு விழும். பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுகிற ரகம் என்பதால் இளகினது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு புட்டி வைத்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டு, சாம்பல் நிற பிரைமர் அடித்துப் பார்த்தால் மறைந்துவிட்டதாக நினைத்த கோடு மறுபடி தெரியும். திரும்பவும் புட்டி, திரும்பவும் உப்புத்தாள். மொத்தத்தில் காத்திருக்கிற வேலை. எனக்குக் காத்திருக்க வராது. பசை காய்வதற்குள் தேய்த்தேன். முன்மூக்கில் இரண்டு பாதியும் அரை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கமாக நின்றுவிட்டன.

அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் அசல் கப்பலில் அது 36 மில்லிமீட்டர் படி. கடலின் அழுத்தத்தைத் தாங்கும் அந்தக் கப்பலின் உள்கூட்டுத் தகடே 18.5 மில்லிமீட்டர் கனம்தான். தகட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரத்துக்கு மூக்கில் படி வைத்த கப்பலை எந்தத் துறைமுகத்திலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கணக்கை அன்றே போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.

அடுத்தது ஓட்டைகள். உள்கூட்டுக்கும் வெளித்தோலுக்கும் நடுவே கடல்நீர் தாராளமாகப் புகுந்து வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் எதிரி விமானத்தைப் பார்த்ததும் அரை நிமிடத்தில் முங்க முடியாது. அதற்காக விலாவில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். எந்தக் கட்டும் தளத்தில் பிறந்த கப்பல் என்பதை அந்த வரிசையை வைத்தே சொல்கிற ஆசாமிகள் உண்டு. என் கிட்டில் துளைகள் வெறும் பள்ளமாக வார்க்கப்பட்டிருந்தன. உள்பக்கத்தைச் சுரண்டி மெலிதாக்கி, மெல்லிய டிரில்லால் இரண்டு முனையிலும் துளையிட்டு, நடுப்பகுதியைக் கத்தியால் நறுக்கி, சின்ன அரத்தால் ராவ வேண்டும். வலப்பக்கம் முழுதும் செய்தேன், உண்மையிலேயே நன்றாகச் செய்தேன். இடப்பக்கம் பள்ளங்களில் கறுப்பு மையைத் தடவிவிட்டு எழுந்தேன்.

மூக்கில் நின்ற படிக்குத் துரு. இந்த வித்தை எனக்குக் கைவந்தது. துரு நிறத்தை முதலில் அடித்து, ஈரமாக்கி உப்புக்கல் தூவி, அதன்மேல் சாம்பல் நிறம் அடித்துக் காயவிட்டு உப்பைத் தட்டினால் பெயின்ட் உரிந்த இரும்பு மாதிரியே இருக்கும். அட்லான்டிக்கில் பல வாரம் கிடந்து திரும்பிய கப்பல்களின் படங்களில் துரு வழிவது உண்மைதான். ஆனால் அது துளைகளுக்குக் கீழே, கம்பிகளின் காலடியில், தண்ணீர் தங்கி வடியும் இடத்தில் வழியும். நான் புட்டி வைக்காத இடத்தில் எல்லாம் வழியவிட்டேன். பார்த்தவர்கள் "அப்படியே கடல்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கு சார்" என்றார்கள். ஆராய்ச்சி செய்தேன் என்றேன்.

இதற்கு மேல் ஒன்று செய்தேன், அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. யாராவது மூக்குப் பக்கம் குனிந்தால் கதையை எடுத்துவிடுவேன். கோபுரத்தில் வரைந்திருக்கும் சிரிக்கும் வேளா மீனைக் காட்டுவேன். இந்தக் கப்பலின் தளபதி லேமன்-வில்லன்பிராக் போருக்குப் பிறகு அணுசக்தியில் ஓடிய ஓட்டோ ஹான் என்ற சரக்குக் கப்பலுக்குத் தலைவரானதைச் சொல்வேன். 1941-இல் இதில் போன புக்ஹைம் எழுதிய நாவல்தான் 1981-இல் 'டாஸ் பூட்' படமாக வந்தது என்பேன். அதற்கும் ஆள் நிமிரவில்லை என்றால், ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பவில்லை என்று குரலைத் தாழ்த்துவேன். கண்டிப்பாக நிமிர்வார்கள். மூட்டுக் கோட்டை மறைக்க முப்பதாயிரம் பிணம் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் கப்பல்கள் மூழ்கடித்த சரக்குக் கப்பல்களில் நிலக்கரி அள்ளிப்போட்ட நம் நாட்டுக் கூலி மாலுமிகளைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. கேட்டால் எவர் கண்ணும் எங்கும் திரும்பாதென்று நினைத்திருப்பேன் போல.

பிறகு ஒரு கண்காட்சிக்கு எடுத்துப் போனேன். சீக்கிரமே போய் சுவரோரத்து மேஜையைப் பிடித்துவிட்டேன். பக்கத்து மேஜையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், நம் கடற்படையிடம் இருக்கும் கிலோ வகை நீர்மூழ்கியை வைத்திருந்தான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, கறுப்பு நிறம், பிரஷ்ஷால் அடித்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மூட்டு இருந்த இடமே தெரியவில்லை. எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து தேய்த்தானோ.

பாராட்டியிருக்கலாம். "நல்லா இருக்கு தம்பி, ஆனா பொம்மை மாதிரி பளிச்னு இருக்கே. கடலுக்குப் போன கப்பல்னா துரு வேணாமா?" என்றேன். பையன் முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் மேஜைக்கு வந்து, "அங்கிள், உங்க சப்மரீனோட அந்தப் பக்கத்தைப் பாக்கலாமா?" என்று கேட்டான். "ஸ்டாண்டோட ஒட்டியிருக்கு, திருப்பினா உடைஞ்சிடும்" என்றேன். ஒட்டவில்லை. ஒரு கையால் தூக்கிவிடலாம்.

கிலோ நீர்மூழ்கியின் மேனி முழுக்க ஒலியை விழுங்கும் ரப்பர் ஓடுகளைப் பதித்திருப்பார்கள், எதிரியின் சோனாருக்குச் சிக்காமல் இருக்க. ரப்பரில் துரு பிடிக்காது. ஓடு கழன்ற இடத்திலோ இரும்புப் பொருத்துகளின் ஓரத்திலோ கொஞ்சம் கசியலாம், அவ்வளவுதான். பையன் செய்துவந்ததுதான் சரி. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் ஆசை. தெரியும். பேசும்போதே தெரியும்.

அடுத்த கண்காட்சிக்கு அவன் அதே கப்பலைக் கொண்டுவந்தான். மூக்கிலிருந்து வால்வரை துரு. மேற்தளம், விலா, கோபுரம், ஓரிடம் பாக்கியில்லை. ஒரு வருஷம் முன்பு தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய உடம்பு செம்மண் ரோட்டில் உருட்டிய மாதிரி இருந்தது. "இப்ப ஓகேவா அங்கிள்?" என்றான். அவன் அப்பாவும் பக்கத்திலேயே நின்று, "நீங்க சொன்னதுல இருந்து இதே வேலையா இருக்கான் சார்" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். பிரமாதம் என்று தோளில் தட்டினேன். அதோடு விடாமல் உப்புக்குப் பதில் ஹேர் ஸ்ப்ரே அடித்தால் உரிவது இன்னும் இயல்பாக இருக்கும் என்று விளக்கவும் ஆரம்பித்தேன்.

அவன் கேட்டுக்கொண்டே என் கப்பலின் மூக்கைப் பார்த்தான். துருவுக்கு நடுவில் அந்தப் படியைக் கண்டானா, காணவில்லையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஜாயின்ட்டை எப்படி அங்கிள் சரி பண்ணீங்க?"

"புட்டி, உப்புத்தாள், பொறுமை" என்றேன்.