கசினோ மலையில் நம்மவர் சுவடு

உரோமைக்கும் நேப்பிள்சுக்கும் இடையே, கசினோ என்னும் ஊருக்கு மேலே, ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையின் உச்சியில் வெண்ணிறக் கோட்டைபோல் நிற்கிறது மோந்தே கசினோ ஆதீனம். கி.பி. 529ஆம் ஆண்டளவில் புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மடம் இது. தம் துறவியர்க்கான ஒழுங்குநூலை அவர் எழுதியதும், இறுதியில் கண்மூடியதும் இங்கேதான்.

பழமையைத் தேடி மலையேறுவோர்க்கு முதலில் ஏமாற்றமே கிட்டும். கற்களெல்லாம் புதியவை. முன்பு லொம்பார்தியராலும், 883இல் சாரசேனியராலும், 1349இல் நிலநடுக்கத்தாலும் அழிந்தெழுந்த மடத்தை, 1944 பெப்ருவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் தரைமட்டமாக்கின. இருந்த இடத்திலேயே, இருந்தபடியே மீண்டும் கட்டினார்கள். 1964 அக்டோபர் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் கோவிலை அர்ச்சித்து, ஆசீர்வாதப்பரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். லூக்கா ஜொர்தானோ தீட்டியிருந்த விதான ஓவியங்கள் மட்டும் மீளவேயில்லை. அவற்றுக்குப் போலி செய்து ஒட்டாமல் விட்டதே நன்று என்பது நம் எண்ணம்.

அருங்காட்சியகத்தில்தான் நம் கால்கள் நெடுநேரம் நின்றன. பூசை உடைகள், பழைய அச்சு நூல்கள், வண்ணம் மங்காத தோற்சுவடிகள். இவை பிழைத்ததே ஒரு கதை. 1943இன் இறுதி மாதங்களில் ஷ்லேகல், பெக்கர் என்னும் இரு அதிகாரிகள், ஜெர்மானியப் படையின் லாரிகளிலேயே ஏடுகளை ஏற்றி உரோமைக்கு அனுப்பிவைத்தனர். மடத்தின் ஆவணங்களுள் 960ஆம் ஆண்டின் நிலவழக்கு ஒன்றும் உண்டு. சாட்சிகளின் வாக்குமூலம் இலத்தீனில் அன்றி மக்கள் பேச்சிலேயே அதில் பதிவாகியிருப்பதால், இத்தாலிய மொழியின் முதற்சான்றாக அதைக் கொண்டாடுகிறார்கள். காணிச்சண்டை ஒரு மொழிக்குப் பிறப்புச் சான்றிதழ் தந்திருக்கிறது!

இடிபாடுகளின் நிழற்படங்கள் முன்தான் நெஞ்சு கனத்தது. குண்டு விழுந்தபோது மடத்தினுள் ஜெர்மானியப் படை இல்லை. இருந்தவர்கள் துறவியர் சிலரும், அடைக்கலம் புகுந்த ஊர்மக்களுமே. இறந்தோர் இருநூறுக்கும் மேல் என்பர். எண்பதை நெருங்கிய மடாதிபதி தியமாரே, எஞ்சியோரை அழைத்துக்கொண்டு, சிலுவை முன்செல்ல மலையிறங்கினார். வெறுமையான இடிபாடுகளுக்குள் ஜெர்மானியர் அதன் பிறகே புகுந்தனர். மே 18 அன்று போலந்து வீரர்கள் உச்சியைப் பிடிக்கும்வரை போர் நீண்டது.

குண்டுவீச வேண்டுமென வற்புறுத்தியவர் யார்? நான்காம் இந்திய டிவிஷனின் தளபதி டக்கர். அம்மலைமீது ஏறவேண்டியிருந்தவர்கள் அவருடைய வீரர்கள். அந்த டிவிஷனில் மதராஸ் சாப்பர்ஸ் கம்பெனி ஒன்றும் இருந்தது. இந்தியப் பொறியாளர் படையினர் மலைப்பாறையை வெட்டித் திறந்த பாதை சென்றுசேர்ந்த வெளிக்குப் போர் வரைபடத்தில் 'மதராஸ் சர்க்கஸ்' என்றே பெயர்! நம்மவர் உயிரைக் காக்கவென்று கேட்ட குண்டுகள் அப்பாவிகள்மேல் விழுந்தன; நம்மவரையும் அவை காக்கவில்லை. அடுத்தடுத்த இரவுகளில் இந்தியரும் கூர்க்கரும் அச்சரிவுகளில் மடிந்தார்கள்.

பள்ளத்தாக்கிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், கல்லறை அறியப்படாதோரின் பெயர்கள் பளிங்குத் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் பெயர்களை ஒவ்வொன்றாய் வாசித்தோம். அவர்களுக்கும், மடத்தில் மாண்ட மக்களுக்கும் சேர்த்தே பரலோக மந்திரம் சொன்னோம்.