ஜைது எந்த ஊர்?

கோவைக் குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் மாய்ந்த 1998 பிப்ரவரித் திங்களின் இறுதியில், அமராவதிபுதூரிலிருந்து காரைக்குடி நோக்கி மொபெட்டில் சென்ற நம்மைக் காவலர் ஒருவர் நிறுத்தினார். பிறரிடம் உரிமம் மட்டும் பார்த்தவர், நம் பெயரைக் கேட்டதும் பையை அவிழ்க்கப் பணித்தார்.

அவரை மட்டும் நொந்து பயனென்ன? 1997 நவம்பர் 29-இல் கோவை உக்கடத்தில், வண்டியை மறித்த தகராற்றை ஒட்டிப் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். பெரும்பாவம் அது. தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டனர். கொன்றோரின் மார்க்கத்தை உரக்கச் சொன்ன ஏடுகளில் அப்பதினெண்மரின் பெயர்களைத் தேடிச் சலித்தோம். அக்காவலரும் அந்த ஏடுகளைத்தாமே படித்திருப்பார்!

பையில் அரபு இலக்கண நூல் இருந்தது. ஒரு வரியில் விரல் வைத்துப் பொருள் கேட்டார். “ஜைது அம்ரை அடித்தான்” என்றோம். மதரஸாப் பிள்ளைகள் அனைவர்க்கும் பழகிய எடுத்துக்காட்டு.

“யாருய்யா அந்த ஜைது? எந்த ஊரு?” என்றார்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை.