அப்பாவோட நாடி பார்த்திருக்கீங்களா?

அரியர், லேப், பிளேஸ்மென்ட்னு நமக்கு ஆயிரம் டென்ஷன் இருக்கு பாஸ். நடுவுல ஒரு சின்ன பயாலஜி கிளாஸ்... எங்க வீட்டுக் கதைதான்.

அப்பாவுக்கு ஒரகடம் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. திடீர் திடீர்னு படபடப்பு, மூச்சு வாங்கும். 'நைட் ஷிப்ட் அசதிடா'ன்னு டீயைக் குடிச்சே சமாளிச்சார். இ.சி.ஜி. எடுத்தப்பதான் தெரிஞ்சது... 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'!

இதயத்தோட மேல் அறைகள் ஒழுங்கா சுருங்காம, நிமிஷத்துக்கு 350 தடவைக்கும் மேல நடுங்கும். அத்தனை சிக்னலும் கீழே போகாம, நடுவுல இருக்கிற கணு டிராஃபிக் போலீஸ் மாதிரி தடுக்கும். தப்பிச்சு வர்றது தாளமே இல்லாம வரும். அதான் நாடி தாறுமாறா அடிக்குது.

படபடப்பை விடப் பெரிய வில்லன் ஒருத்தன் இருக்கான். மேல் அறையில் தேங்குற ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம்! அந்த ஆபத்து இவங்களுக்கு சுமார் 5 மடங்கு. முதியவங்க நோய்னு நினைக்காதீங்க. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்து, இளம் வயசுலேயே இது வர்றது நம்ம நாட்டுல சகஜம். அப்பாவுக்கும் வால்வு பிரச்னைதான். இப்படிப்பட்டவங்களுக்கு ரிவரோக்ஸபான் என்கிற புது மாத்திரையை விட, பழைய வார்ஃபரின் வகையே நல்லதுன்னு 2022-ல் வெளியான 'இன்விக்டஸ்' ஆய்வு சொல்லுது.

அந்த மாத்திரைக்கு ரூல்ஸ் உண்டு. ரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். அளவு பொதுவா 2-லிருந்து 3-க்குள் நிற்கணும். குறைஞ்சா உறையும், கூடினா ரத்தக்கசிவு. கீரையை நிறுத்த வேண்டாம். வாராவாரம் ஒரே அளவா இருந்தா போதும். முதுகுவலின்னு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. ஒருநாள் மறந்துட்டா, மறுநாள் இரண்டா முழுங்கக் கூடாது.

ஷிப்ட் மாறினா மாத்திரை நேரமும் மாறுமே? யோசிச்சு, ராத்திரி 8 மணின்னு முடிவு பண்ணினோம். மூணு ஷிப்ட்டிலும் அப்பா முழிச்சிருக்கிற நேரம் அதுதான். செகண்ட் ஷிப்ட்னா கேன்டீனில் சாப்பிட்டுட்டுப் போட்டுப்பார்.

கம்பெனியில் மட்டும் சொல்ல மாட்டேங்கிறார். 'தெரிஞ்சா லைன்லேர்ந்து தூக்கிடுவாங்கடா'ன்னு பயம். 'நடு ராத்திரி நீங்க விழுந்தா, பக்கத்துல நிற்கிறவருக்கு என்னப்பா தெரியும்?'னு கேட்டேன். ரெண்டு நாள் பேசவே இல்லை. அப்புறம் ஒரு சமாதானம்... நோய், மாத்திரை, டோஸ், கடைசி ஐ.என்.ஆர். எல்லாம் எழுதின துண்டுச் சீட்டு இப்ப அவரோட ஐ.டி. கார்டுக்குப் பின்னால இருக்கு. பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவா 4½ மணி நேரத்துக்குள் போடணும். போடலாமா, கூடாதான்னு டாக்டர் முடிவெடுக்க, இந்த மாத்திரை விவரம் அவசியம். சூப்பர்வைசர்கிட்ட சொல்ல வைக்கிற போராட்டம் தொடருது!

நீங்களும் வீட்டில் மூணு விரலை வெச்சு, ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணுங்க. தாளம் தப்பினா இ.சி.ஜி. எடுங்க. வாய் கோணுது, கை துவளுது, பேச்சு குழறுதுன்னா, யோசிக்காம 108!