எல்லாம் சோகிதான், ஆனால் ஒன்றல்ல

நானாட்டானில் இருந்து வங்காலைக் கடற்கரைக்குப் போய் வந்த மகள், ஒரு கைப்பிடி சோகியை மேசையில் கொட்டினாள். "எல்லாம் தாயம் போடுற சோகிதானே" என்றா அம்மா. எனக்கு அப்படிச் சொல்லிவிட்டு எழும்ப மனம் வரவில்லை.

அதில் இரண்டு இனங்கள் இருந்தன. ஒன்று மஞ்சள் படிந்தது, ஓரங்களில் புடைப்பு, மேலிருந்து பார்த்தால் கோணல்மாணலான வடிவம்: மொனெற்றா. மாலைதீவில் அள்ளி வங்காளத்துக்குக் கப்பலேற்றி, காசாகவே புழங்கியது இதுதான். மற்றது வழுவழுப்பான முட்டை வடிவம், முதுகில் பொன்னிற வளையம்: அனுலஸ். இரண்டுக்கும் 1758இல் பெயர் வைத்தவர் லின்னேயஸ். லத்தீனில் ஒன்றின் பெயரில் காசு, மற்றதன் பெயரில் வளையம்.

வெயிலில் கிடந்து வெளுத்த ஓட்டில் வளையம் மங்கிவிடும். அப்போது நிறத்தை நம்பாமல் வடிவத்தைப் பாருங்கள். இன்னொன்று: குஞ்சுச் சோகிக்கு உதடு மெல்லியது, பல் இல்லை. வளர்ந்த பிறகுதான் உதடு உள்ளே சுருண்டு பல் வைக்கும். அதனால் குஞ்சைப் பார்த்தால் வேறு சாதி நத்தை என்றே தோன்றும்.

ஓடு பளபளப்பாக இருந்தால் கவனம். உயிருள்ள சோகி தன் தசைமடிப்பால் ஓட்டை மூடி மூடித்தான் அந்த மினுக்கத்தைக் காக்கிறது. உள்ளே உயிர் இருந்தால் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வெறும் ஓடென்றால் முதுகு, வாய், பக்கம் என மூன்று படம், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுத்து இங்கே போடுங்கள். சேர்ந்து பார்ப்போம்.