அப்பாவுக்கு 'ஐஸ்' வெச்ச பசங்க!

அப்பாவுக்கு ஐஸ் வெச்சு பைக் வாங்கினவங்க உங்க க்ளாஸ்லயே நாலு பேர் இருப்பாங்க. ஆனா, அப்பாவைப் பேசிக் கரைச்சு நிஜ ஐஸ் கிரவுண்டே கட்டின அண்ணன் - தம்பியைத் தெரியுமா? கனடாவின் லெஸ்டர் பேட்ரிக், ஃபிராங்க் பேட்ரிக்!

1911-ல் அண்ணனுக்கு 27 வயசு, தம்பிக்கு 25. ரெண்டு பேருமே அசத்தல் ஐஸ் ஹாக்கி ப்ளேயர்ஸ். கிழக்குக் கனடாவில் குளிர்காலம் வந்தா குளம், குட்டையெல்லாம் தானா உறையும். அதனால காசு கொடுத்து ஆடவைக்கிற பெரிய லீக் எல்லாம் அங்கேதான். மேற்குக் கடற்கரையில இருக்கிற வான்கூவர், விக்டோரியா ஊர்கள்ல குளிர்காலம்னா மழைதான். ஐஸுக்கு எங்கே போறது?

'ஐஸ் இல்லையா... செஞ்சுடுவோம்'னாங்க பசங்க. மர வியாபாரம் பண்ணிட்டிருந்த அப்பா ஜோசப், கம்பெனியை வித்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். ரெண்டு ஊர்லயும் செயற்கை ஐஸ் அரங்கம் எழும்பிச்சு. கனடாவுக்கே அதுதான் முதல் முறை. வான்கூவர் அரங்கத்துல மட்டும் சுமார் 10,000 பேர் உட்காரலாம்.

இந்த மாதிரி அரங்கம் எப்படி வேலை செய்யுதுன்னு மெக்கானிக்கல் பசங்களைக் கேட்டா சொல்லிடுவோம். அம்மோனியாவை அழுத்தி, குளிரவெச்சு, விரியவிட்டா சுத்தியிருக்கிற சூட்டை உறிஞ்சும். அதை வெச்சு உப்புத் தண்ணியைக் குளிராக்கி, தரைக்கு அடியில் குழாய்ல ஓடவிடணும். உப்புத் தண்ணி ஜீரோ டிகிரியிலும் உறையாது. மேலே ஊத்துற நல்ல தண்ணி உறைஞ்சிடும். சிம்பிள்!

ஜனவரி 2, 1912. பசிபிக் கோஸ்ட் ஹாக்கி அசோசியேஷனோட முதல் மேட்ச், விக்டோரியாவில். மொத்தம் மூணே டீம். விக்டோரியாவுக்கு அண்ணன், வான்கூவருக்கு தம்பி. ஓனரும் அவங்கதான், ஆடுறதும் அவங்கதான். நல்ல சம்பளம் பேசி கிழக்கிலிருந்து ஸ்டார்களை இழுத்தாங்க. அப்படி வான்கூவருக்கு வந்த நியூஸி லலோண்ட் அந்த சீசன்ல அடிச்சது 27 கோல்.

கப்? சொந்த அரங்கமே இல்லாம வான்கூவர்ல ஓசி ஐஸ்ல ஆடின நியூ வெஸ்ட்மின்ஸ்டர் டீம் தட்டிட்டுப் போயிடுச்சு! முதல் மேட்ச்லயே விக்டோரியாவை 8-3-னு சாத்தினதும் அவங்கதான்.

லீக் 1924 வரைக்கும் ஓடிச்சு. விக்டோரியா அரங்கம் 1929-லயும், வான்கூவர் அரங்கம் 1936-லயும் எரிஞ்சுபோச்சு. ஆனா, மைதானத்துல நீலக் கோடு போட்டது, முன்பக்கமா பாஸ் பண்ண விட்டதுன்னு அந்த லீக் கொண்டுவந்த விஷயங்களை என்.எச்.எல். எடுத்துக்கிச்சு. இன்னிக்கும் அந்த நீலக் கோடு இருக்கு.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? எனக்கும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸுக்கும் ஒரு ஐடியா இருக்கு. மீன் விக்கிறவங்களுக்காக ஒரு சின்ன கோல்டு ஸ்டோரேஜ். அப்பா அதைக் கேட்டுட்டு, "அந்த அரை கிரவுண்டைக் கொடுத்துடலாமாப்பா?"ன்னார். எங்க வீட்டுச் சொத்தே அதுதான். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

ஜோசப் எந்தத் தைரியத்துல கொடுத்தார்னு யோசிச்சேன். பசங்க அவர் கம்பெனியிலயே வேலை பார்த்தவங்க. கிழக்கே போய் சம்பளத்துக்கு ஆடிட்டு வந்தவங்க. லீக்னா என்ன, எவ்ளோ செலவு, ப்ளேயர் எவ்ளோ கேட்பான்... எல்லாம் உள்ளே இருந்தே பார்த்தவங்க. அவர் பணம் போட்டது கனவு மேல இல்லை பாஸ்... வேலை தெரிஞ்ச கை மேல!

எனக்குத் தெரிஞ்சது லேப்ல இருக்கிற ஒரு மெஷின் மட்டும்தான். அதனால அப்பாகிட்ட, "இப்ப விக்க வேண்டாம்பா"ன்னு சொல்லிட்டேன். செமஸ்டர் லீவுக்கு ஒரு ஐஸ் ஃபேக்டரியில ஹெல்ப்பர் வேலை கேட்டிருக்கேன்.

நீங்க உங்க அப்பாகிட்ட என்ன கேட்கப்போறீங்க? அதுக்கு முன்னாடி, எங்கே போய் வேலை கத்துக்கப்போறீங்க?